கையளவு இடத்தில் காய்கறித் தோட்டம்: இடத்தை மிச்சப்படுத்தும் நடவு முறைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கேரட் விதை உறையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். செடிக்குச் செடி ஏழெட்டு சென்டிமீட்டர், வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர் என்பது போல அச்சிட்டிருப்பார்கள். ஒரு பக்கம் ஏழெட்டு சென்டிமீட்டரில் நிம்மதியாக வளரும் செடிக்கு மறுபக்கம் மட்டும் ஏன் 30 வேண்டும்? கேரட் அதைக் கேட்கவில்லை. களைக்கொத்தும், இயந்திரச் சக்கரமும், மனிதக் காலும் போய்வருவதற்காக விட்ட இடம் அது. வயலுக்காகப் போட்ட கணக்கை அப்படியே வீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தால், நாம் தண்ணீர் ஊற்றுவதில் பெரும்பகுதி வெறும் மண்ணுக்குத்தான் போகும். அந்த வரிசைக் கணக்குப்படி ஒரு சதுர மீட்டரில் சுமார் 44 கேரட் நிற்கும். நான்கு பக்கமும் 7.5 சென்டிமீட்டர் விட்டு நட்டால் அதே இடத்தில் 170-க்கு மேல் நிற்கும்.

நெருக்கி நடுவதோடு இடச் சேமிப்பு முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தொடக்கம்தான். தரையைப் போலவே மேலே இருக்கும் வெற்று வெளியும் இடம், நாட்களும் இடம். முள்ளங்கி பிடுங்கிய குழி இரண்டு வாரம் சும்மா கிடந்தால், அந்த இரண்டு வாரத்துக்கு உங்கள் தோட்டம் அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது என்று பொருள். தரையையும் உயரத்தையும் கவனிப்பவர்கள்கூட நாட்களை விட்டுவிடுகிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டியில் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

முதல் படி: வெயிலை அளந்து பாருங்கள்

மண் வாங்குவதற்கு முன், விதை வாங்குவதற்கு முன், ஒரு நாள் முழுவதும் இடத்தைக் கவனியுங்கள். காலை 7 மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எங்கே வெயில், எங்கே நிழல் என்று காகிதத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். தக்காளி, மிளகாய், கத்தரி, வெள்ளரி, பீன்ஸ் போலக் காய்ப்பவற்றுக்கு நேரடி வெயில் 6 முதல் 8 மணி நேரம் வேண்டும். கேரட், பீட்ரூட் போன்ற கிழங்குகள் அதைவிடச் சற்றுக் குறைவாக இருந்தாலும் சமாளிக்கும். கீரை, கொத்தமல்லி, லெட்டூஸ் 3 அல்லது 4 மணி நேர வெயிலிலும் இலை கொடுக்கும். நிழல் மூலையில் தக்காளியை நட்டுவிட்டு உரத்தைக் கூட்டிக் கூட்டிப் போடுவதால் பயனில்லை. இலை மட்டும்தான் செழிக்கும்.

உயரமாக வளர்பவை மற்றவற்றின் வெயிலை மறைக்கக் கூடாது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருப்பவர்கள் கொடிப் பந்தலைப் பாத்தியின் வடக்கு ஓரத்திலும், தெற்கே இருப்பவர்கள் தெற்கு ஓரத்திலும் அமைப்பது வழக்கம். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் ஆண்டில் சில மாதங்கள் வடக்கேயும் சில மாதங்கள் தெற்கேயும் சாய்ந்து செல்கிறது. அங்கே பந்தலை வடக்கு தெற்காக நீட்டி அமைத்தால் ஒரு பக்கத்துக்குக் காலை வெயிலும் மறுபக்கத்துக்கு மாலை வெயிலும் கிடைத்துவிடும்.

மாடியில் தோட்டம் போடுபவர்கள் எடையையும் கணக்குப் பார்க்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. நீளம், அகலம் இரண்டும் 1.2 மீட்டர், ஆழம் 30 சென்டிமீட்டர் கொண்ட ஒரு பாத்தியில் 430 லிட்டர் மண் கலவை கொள்ளும். நனைந்த கலவை லிட்டருக்கு 1 முதல் 1.5 கிலோ வரை இருக்கும். அப்படியென்றால் ஒரு பாத்தியின் எடை 430 முதல் 650 கிலோ. சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்குக் குறையாது. வீட்டுத் தளங்கள் தாங்க வேண்டிய சுமையாகக் கட்டட விதிகள் பொதுவாகக் கொள்வது சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ அளவில்தான். ஆகவே மாடியில் ஆழமான பாத்தி கட்டுவதற்கு முன் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். முடியாதென்றால் கவலை வேண்டாம். எடை குறைந்த கலவை நிரப்பிய வளர்ப்புப் பைகளைச் சுவரோரமாகவும், கீழே தூண்களும் உத்தரங்களும் இருக்கும் இடங்களிலும் பிரித்து வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: கால் படாத பாத்தி

பாத்தியின் அகலம் 1.2 மீட்டருக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமிருந்தும் கையை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும் என்பதுதான் கணக்கு. ஒரு பக்கம் சுவர் இருந்தால் 60 முதல் 75 சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீளம் உங்கள் விருப்பம். பாத்திக்குள் ஒருபோதும் கால் வைக்காதீர்கள். மிதிபட்ட மண் இறுகும். இறுகிய மண்ணில் வேர் கீழே போகாமல் பக்கவாட்டில் பரவும். பரவினால் பக்கத்துச் செடியோடு போட்டி வரும். நெருக்கி நடுவதே வேர் கீழ்நோக்கி இறங்கும் என்ற நம்பிக்கையில்தான்.

நெருக்கமான நடவு புதிய சரக்கு அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தைச் சுற்றியிருந்த காய்கறித் தோட்டக்காரர்கள், குதிரைச் சாணத்தின் சூட்டையும் மணி வடிவக் கண்ணாடிக் கூடுகளையும் துணைக்கு வைத்துக்கொண்டு சிறு நிலத்தில் ஆண்டுக்குப் பல போகம் எடுத்தார்கள். 1967-இல் கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் பல்கலைக்கழக வளாகத்தில் தோட்டம் தொடங்கிய ஆலன் சாட்விக், அந்த வழியை ஆழத் தோண்டிய மேட்டுப்பாத்தியோடு சேர்த்துப் பலருக்குக் கற்றுக்கொடுத்தார். அந்த முறையில் மண்ணை 60 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இரண்டு அடுக்காகத் தளர்த்துவார்கள். இறுகிப்போன களிமண்ணில் முதல் முறை அப்படித் தோண்டுவதில் பலன் உண்டு. அதற்குப் பிறகு ஆண்டுதோறும் தோண்டத் தேவையில்லை என்பது என் அனுபவம். ஒவ்வொரு பருவத்துக்கும் மேலே 5 சென்டிமீட்டர் மட்கு உரம் பரப்பிவந்தால், மீதி வேலையை மண்புழுக்கள் பார்த்துக்கொள்ளும்.

தரையில்லாத இடத்தில் வெறும் தோட்ட மண்ணை மட்டும் தொட்டியில் நிரப்பாதீர்கள். இரண்டு மாதத்தில் கல்லாகிவிடும். மட்கு உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, பெர்லைட் அல்லது வெர்மிகுலைட் (சூட்டில் பொரித்தெடுத்த, எடை குறைந்த கனிமத் துகள்கள்) ஒரு பங்கு என்பது நம்பகமான கலவை. நார்த்தூள் கட்டியாக வந்தால், ஊறவைத்து இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசிய பிறகு பயன்படுத்துங்கள். அதில் உப்பு தங்கியிருக்க வாய்ப்புண்டு.

ஆழம் எவ்வளவு? கீரைக்கும் லெட்டூஸுக்கும் 15 சென்டிமீட்டர் போதும். பீன்ஸ், பீட்ரூட், முள்ளங்கிக்கு 20 முதல் 25. நீளக் கேரட்டுக்கும் மிளகாய்க்கும் 30. தக்காளி, கத்தரி, வெள்ளரிக்கு 30-க்குக் குறையாமல், முடிந்தால் 40.

மூன்றாம் படி: கட்டம் போட்டு நடுங்கள்

1981-இல் அமெரிக்கப் பொறியாளர் மெல் பார்தாலமியூ பரவலாக அறிமுகப்படுத்திய சதுர அடி முறைதான் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மிக எளிது. நான்கடிக்கு நான்கடி பாத்தி. அதில் கயிறு கட்டிப் பிரித்த 16 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு சதுர அடி, அதாவது 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர். ஒரு கட்டத்தில் எத்தனை செடி என்பது செடியின் பருமனைப் பொறுத்தது. மிளகாய், முட்டைக்கோஸ், ஒற்றைத் தண்டாக வளர்க்கும் தக்காளி என்றால் கட்டத்துக்கு 1. இலை லெட்டூஸ் 4. குத்து பீன்ஸ், பீட்ரூட், பாலக்கீரை 9. கேரட், முள்ளங்கி, தாள் வெங்காயம் 16.

கயிற்றைக் கட்டாமல் கண்ணளவில் நட்டுவிடலாம் என்று தோன்றும். கட்டிவிடுங்கள். கட்டம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் எது காலியாகிவிட்டது என்பது பளிச்சென்று தெரியும். கட்டம் காலியானால் கை தானாக விதையைத் தேடும். இந்த முறையின் உண்மையான பயன் அதுதான் என்று நினைக்கிறேன்.

கத்தரியை ஒரு கட்டத்துக்குள் திணிக்காதீர்கள். இரண்டு கட்டமாவது கொடுங்கள். பூசணிக்கு இந்தப் பாத்தியில் இடமே இல்லை. முதல் ஆண்டில் நான் பாத்தியின் நடுவே ஒரே ஒரு பூசணி விதையை ஊன்றினேன். ஆறாவது வாரத்தில் அதன் இலைகளுக்குக் கீழே பீட்ரூட்டும் கேரட்டும் வெளிறிப்போய்க் கிடந்தன.

முக்கோண நடவு பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு வரிசையின் இரண்டு செடிகளுக்கு நடுவே அடுத்த வரிசையின் செடி வருமாறு நடுவது. செடிகளுக்கு இடையிலான தூரம் மாறாமலே வரிசைகள் சற்று நெருங்கி வருவதால், பரந்த நிலத்தில் சுமார் 15 சதவீதம் கூடுதல் செடிகள் கொள்ளும். வடிவியல் சொல்லும் கணக்கு அது. ஆனால் சிறு பாத்தியில் ஓரங்கள் அந்த லாபத்தை விழுங்கிவிடும். 1.2 மீட்டர் சதுரப் பாத்தியில் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நடும்போது சதுர முறையில் 64 செடி, முக்கோண முறையில் 68. இடைவெளி 30 சென்டிமீட்டர் என்றால் சதுரத்தில் 16, முக்கோணத்தில் 14தான் வரும். ஆகவே கீரை, பீட்ரூட், வெங்காயம் போன்ற சிறு செடிகளுக்கும் நீளமான பாத்திகளுக்கும் மட்டும் முக்கோணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கொத்தாக நடுவது இன்னொரு நல்ல வழி. குழித்தட்டின் ஒரு குழியில் வெங்காய விதை நான்கைந்து போட்டு முளைக்கவைத்து, பிரிக்காமல் அப்படியே கொத்தாக எடுத்து 25 முதல் 30 சென்டிமீட்டருக்கு ஒரு கொத்து நடுங்கள். வளர வளர வெங்காயங்கள் ஒன்றையொன்று வெளியே தள்ளிக்கொண்டு வட்டமாகப் பருக்கும். பீட்ரூட்டில் நாம் விதை என்று சொல்லும் அந்தச் சொரசொரப்பான உருண்டையே பல விதைகளின் கொத்துதான். ஒன்று போட்டால் இரண்டு மூன்று முளைக்கும். அவற்றைக் களையாமல் சேர்த்தே வளர்க்கலாம். பெரிதானதை முதலில் திருகி எடுத்துக்கொண்டால் மற்றவை அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும்.

நான்காம் படி: மேலே ஏற்றுங்கள்

தரையில் படரவிட்ட வெள்ளரி ஒரு சதுர மீட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். அதையே நூலில் ஏற்றினால் செடிக்கு 30 சென்டிமீட்டர் போதும். காய் மண்ணில் படாததால் அழுகல் குறையும், வளையாமல் நேராக வளரும், பறிக்கும்போது குனிந்து தேட வேண்டியதில்லை.

ஆனால் எந்தக் கொடி எப்படி ஏறுகிறது என்று தெரியாமல் பந்தல் போடுபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். கொடி பீன்ஸும் அவரையும் தண்டாலேயே சுற்றி ஏறும். அவற்றுக்கு நெட்டுக்குத்தாக நின்ற கழியோ கயிறோ போதும். குறுக்குக் கம்பி தேவையில்லை. வெள்ளரி, பாகல், பீர்க்கு, புடலை, சுரை, பட்டாணி ஆகியவை பற்றுக்கம்பியால் பிடித்து ஏறும். அந்தப் பற்றுக்கம்பியை ஒருநாள் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நுனி காற்றில் மெல்ல வட்டமிட்டுத் தேடிக்கொண்டிருக்கும். ஒரு நூலில் பட்டதும் நுனி அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். பிறகு நடுப்பகுதி சுருளத் தொடங்கும். பாதி தூரம் ஒரு திசையிலும், நடுவில் ஒரு சிறு திருப்பத்துக்குப் பிறகு மீதி எதிர்த்திசையிலும் சுருண்டிருப்பதைக் காணலாம். இரண்டு முனைகளும் கட்டுண்டு கிடப்பதால் முறுக்கைச் சமன்செய்ய அது எடுக்கும் வழி. அந்தச் சுருள் ஸ்பிரிங் போல இழுபட்டுச் சுருங்குவதால்தான் பலத்த காற்றிலும் கொடி அறுந்துபோவதில்லை. 1865-லேயே சார்லஸ் டார்வின் இதை உட்கார்ந்து கவனித்து எழுதியிருக்கிறார்.

அந்த மெல்லிய சுருளால் கைப்பருமன் மூங்கிலைப் பிடிக்க முடியாது. மூங்கில் சட்டம் கட்டினாலும் அதன் நடுவே நூலோ வலையோ இருக்க வேண்டும். வலையின் கண் 10 முதல் 15 சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும். கை நுழைந்து காயோடு வெளியே வர வேண்டுமே. கம்பங்களைத் தரையில் 50 சென்டிமீட்டராவது ஆழத்தில் புதையுங்கள். இலை நிறைந்த பந்தல் காற்றுக்குப் பாய்மரம் போலத்தான். செடி நட்ட பிறகு கம்பம் ஊன்றினால் வேர் அறுபடும். முதலில் பந்தல், பிறகு நடவு.

தக்காளிக்குப் பற்றுக்கம்பியும் இல்லை, சுற்றும் தண்டும் இல்லை. நாம்தான் கட்டிவிட வேண்டும். இங்கே ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது அவசியம். குத்துச்செடி ரகங்கள் ஓர் உயரத்தில் நின்று, மொத்தமாகக் காய்த்து ஓயும். கொடி ரகங்கள் வளர்ந்துகொண்டே போகும். இடம் மிச்சமாக வேண்டுமானால் கொடி ரகத்தை எடுத்து ஒற்றைத் தண்டாக வளர்க்கலாம். மேலே ஒரு குறுக்குக் கம்பியிலிருந்து கயிறு தொங்கவிட்டு, தண்டின் அடியில் தளர்வாகக் கட்டி, வாரம் ஒருமுறை கயிற்றைத் தண்டோடு சுற்றிவிடுங்கள்.

இலைக்காம்பும் தண்டும் சேரும் கக்கத்தில் ஒரு குருத்து கிளம்பும். அதுதான் பக்கக்கிளை. விரல் நீளம் வருவதற்குள், காலை வேளையில், பக்கவாட்டில் வளைத்தால் டக்கென்று ஒடிந்துவிடும், கத்தி வேண்டாம். பூங்கொத்து தண்டிலிருந்தே நேராகக் கிளம்பும், கக்கத்தில் வராது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பூவை ஒடித்துவிடும் தவறு நேராது. குத்துச்செடி ரகத்தில் பக்கக்கிளையைக் கிள்ளாதீர்கள். அதில் விளைச்சலே அந்தக் கிளைகளில்தான் இருக்கிறது. கட்டும்போது நூலை எட்டு வடிவில் போட்டு, ஒரு வளையத்தில் கம்பும் மறுவளையத்தில் தண்டும் இருக்குமாறு கட்டினால் தண்டு நெரிபடாது.

சுரை, முலாம்பழம் போலக் கனமான காய்களுக்குப் பழைய துணியால் ஊஞ்சல் கட்டித் தாங்கல் கொடுங்கள். பந்தலைச் சாய்வாக, கூரையின் ஒரு பக்கம் போல அமைத்தால் அதன் அடியில் நிழல் இடம் ஒன்று கூடுதலாகக் கிடைக்கும். வெயில் காலத்தில் லெட்டூஸும் கொத்தமல்லியும் சீக்கிரம் பூத்துக் கசந்துபோகாமல் இருக்க அந்த நிழல் உதவும்.

ஐந்தாம் படி: ஒத்துப்போகும் செடிகளைச் சேர்த்து நடுங்கள்

மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் வளர்க்கும் முறையை வட அமெரிக்கப் பழங்குடி மக்கள், குறிப்பாக ஹோடனஷோனி மக்கள், நெடுங்காலமாகக் கையாண்டுவந்தார்கள். மூன்று சகோதரிகள் என்று அதற்குப் பெயர். சோளத்தண்டு பீன்ஸுக்குக் கழியாகிறது, பூசணி இலை மண்ணை மூடி ஈரத்தைக் காக்கிறது, பீன்ஸின் வேர் முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்குக் கொண்டுவருகிறது. அழகான ஏற்பாடு. ஆனால் நான்கடிப் பாத்தி வைத்திருப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சோளத்தில் காற்றால் மகரந்தம் பரவ வேண்டும். பத்துப் பன்னிரண்டு செடியாவது ஒரே கூட்டமாக நின்றால்தான் மணி நிறைந்த கதிர் வரும்.

அதன் அடிப்படையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்: உயரத்தில் வேறுபட்டவை, வேரின் ஆழத்தில் வேறுபட்டவை, அறுவடை நாளில் வேறுபட்டவை. இந்த மூன்றில் இரண்டிலாவது வேறுபட்டால் அருகருகே நடலாம். தக்காளியின் அடியில் லெட்டூஸ், கேரட்டுக்கு இடையே முள்ளங்கி, கத்தரியின் ஓரத்தில் தாள் வெங்காயம் என்று அமைத்துக்கொள்ளலாம். கேரட் முளைக்க இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். முள்ளங்கி நான்கைந்து நாளில் தலைகாட்டிவிடும். இரண்டையும் கலந்து விதைத்தால் முள்ளங்கி மண்ணின் மேற்பொருக்கை உடைத்து வழிவிடும். கேரட்டுக்கு இடம் தேவைப்படும் நேரத்தில் முள்ளங்கி பாத்தியில் இருக்காது.

பீன்ஸ் பக்கத்தில் நட்டால் உரமே வேண்டாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். உயிரோடு இருக்கும்போது அது அண்டைச் செடிக்குக் கொடுப்பது சொற்பம்தான்.

ஆறாம் படி: நாட்களையும் நடுங்கள்

தக்காளி விதையை நேரடியாகப் பாத்தியில் ஊன்றினால் முதல் ஐந்து வாரம் அது பிடிப்பது ஒரு கைப்பிடி இடம். ஆனால் ஒரு கட்டம் முழுவதும் அதற்காகக் காத்துக் கிடக்கும். அந்த ஐந்து வாரத்தைக் குழித்தட்டில் கழித்தால், ஒரு தட்டு அகலத்தில் 50 நாற்று தயாராகிவிடும். பாத்தியில் வேறொரு பயிர் அறுவடைக்கே வந்துவிடும். சிறு தோட்டத்துக்கு நாற்றங்கால் ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். பெரிய தோட்டத்தைவிடச் சிறு தோட்டத்துக்குத்தான் அது அதிகம் தேவை. கேரட், முள்ளங்கி போன்ற ஆணிவேர்க் கிழங்குகளை மட்டும் நேரடியாக விதையுங்கள்; பெயர்த்து நட்டால் கிழங்கு கோணிக்கொள்ளும்.

ஒரு நான்கடிப் பாத்தியை 120 நாட்கள் தொடர்ந்து பார்ப்போம். தட்பவெப்பத்தையும் ரகத்தையும் பொறுத்து இந்த நாட்கள் ஒன்றிரண்டு வாரம் முன்பின் ஆகும்.

முதல் நாள். பின் ஓரத்து நான்கு கட்டங்களில் பந்தலை ஒட்டி இரண்டு தக்காளி நாற்று, இரண்டு வெள்ளரி நாற்று. அவற்றைச் சுற்றி அதே கட்டங்களில் முள்ளங்கி விதை, கட்டத்துக்கு ஆறு. இரண்டாம் வரிசையில் இரண்டு கட்டத்துக்குச் சேர்த்து ஒரு கத்தரி, மற்ற இரண்டில் ஒவ்வொரு மிளகாய். மூன்றாம் வரிசையில் இரண்டு கட்டம் பீட்ரூட், இரண்டு கட்டம் கேரட். முன்வரிசையில் இரண்டு கட்டம் லெட்டூஸ், ஒன்றில் பாலக்கீரை, ஒன்றில் தாள் வெங்காயம்.

28-ஆம் நாள். முள்ளங்கி பறித்தாகிவிட்டது. தக்காளி முழங்கால் உயரம். முள்ளங்கி இருந்த மண்ணை அதன் வேர் இப்போது பிடித்துக்கொள்ளும். பிடுங்கிய குழிகளில் ஒரு கைப்பிடி மண்புழு உரம்.

35-ஆம் நாள். லெட்டூஸின் வெளி இலைகளை மட்டும் ஒடித்து எடுக்கிறோம், நடுக்குருத்து நிற்கிறது. பாலக்கீரையை மண்ணுக்கு மேல் நான்கு சென்டிமீட்டர் விட்டு அறுக்கிறோம். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி தழையும். இதே நாளில் குழித்தட்டில் குத்து பீன்ஸ் விதை ஊன்றுகிறோம். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். இடம் காலியான பிறகு விதையைத் தேடுவதல்ல, காலியாவதற்கு இரண்டு வாரம் முன்பே அடுத்த பயிர் தட்டில் முளைத்திருக்க வேண்டும்.

50-ஆம் நாள். லெட்டூஸ் பூக்கத் தயாராகிவிட்டது. எடுத்துவிட்டு அந்த இரண்டு கட்டத்தில் பீன்ஸ் நாற்று, கட்டத்துக்கு 9. வேர் கலையாமல் மண்கட்டியோடு வைக்க வேண்டும்.

62-ஆம் நாள். பீட்ரூட் அறுவடை. அந்த இடத்தில் மீண்டும் லெட்டூஸ் நாற்று. இப்போது தக்காளியும் கத்தரியும் உயர்ந்துவிட்டதால் அங்கே ஒரு நாளில் சில மணி நேரம் நிழல் விழும்; லெட்டூஸுக்கு அது வசதி.

88-ஆம் நாள். கேரட் வெளியே, தாள் வெங்காயம் உள்ளே.

பாத்தியில் இருப்பது 16 கட்டம். முள்ளங்கி நான்கு கட்டத்தில் உடன்பயிராக நின்றது. ஆறு கட்டத்தில் இரண்டாம் பயிர் ஏறியது. ஆக, 16 கட்டத்தில் 26 கட்டத்துக்கான பயிர் எடுத்துவிட்டோம். ஒரு செங்கல் அளவுகூடப் பாத்தியை நீட்டவில்லை.

ஒரு விதை உறையை முழுவதும் ஒரே நாளில் விதைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். முள்ளங்கியோ கொத்தமல்லியோ, இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டம் என்று விதைத்தால் தொடர்ந்து பறித்துக்கொண்டே இருக்கலாம்.

ஏழாம் படி: தொட்டிகளும் தொங்கும் கூடைகளும்

தரையே இல்லாதவர்கள் தொட்டியின் கொள்ளளவைக் குறைக்க வேண்டாம். தக்காளி, கத்தரி, வெள்ளரிக்கு 15 முதல் 20 லிட்டர். மிளகாய்க்கு 8 முதல் 10 லிட்டர். அதே தொட்டியின் ஓரத்தில் கீரையோ துளசியோ வைத்துக்கொள்ளலாம். அடியில் வடிகால் துளை கட்டாயம் இருக்க வேண்டும். துளைக்கு மேல் சரளைக்கல் போட்டால் நீர் நன்றாக வடியும் என்று சொல்வார்கள். கல் அடுக்குக்கு மேலுள்ள மண் நீரைப் பிடித்து நிறுத்திக்கொள்வதால் வேருக்குக் கிடைக்கும் நல்ல இடம்தான் குறையும். துளையை ஒரு வலைத்துண்டால் மூடினால் போதும்.

தொங்கும் கூடைகள் காற்றில் மிக விரைவாகக் காயும். வெயில் காலத்தில் ஒரு நாளுக்கு இருமுறை தண்ணீர் ஊற்ற முடியாதவர்கள் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. சுவரில் மாட்டும் பைகளில் கீரை, புதினா, லெட்டூஸ் வளரும்; காய்ப்பவற்றுக்கு மண் போதாது. புதினாவை எந்தப் பாத்தியிலும் நேரடியாக நடாதீர்கள். தனித் தொட்டிதான் அதற்கு இடம்.

எட்டாம் படி: நெருக்கத்துக்கு ஏற்ற தீனி

ஒரே இடத்தில் நான்கு மடங்கு செடி என்றால் தண்ணீரும் சத்தும் அதற்கேற்பச் செலவாகும். இதை மறந்தவர்கள்தான் நெருக்கி நட்டால் காய்க்காது என்று முடிவுகட்டுகிறார்கள். ஒவ்வொரு முறை கட்டம் காலியாகும்போதும் மட்கு உரம் சேருங்கள். தொட்டிச் செடிகளில் ஊற்றும் நீரோடு சத்தும் கழுவிப் போவதால், பூவெடுத்த பிறகு பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை திரவ உரம் தேவை. தண்ணீரை இலையில் தெளிக்காமல், காலையில் வேருக்கு ஊற்றுங்கள். விரல் மூட்டு இரண்டு ஆழத்துக்கு மண் காய்ந்திருந்தால் ஊற்றும் நேரம் வந்துவிட்டது. மேலே காய்ந்த இலையோ வைக்கோலோ பரப்பினால் ஈரம் நிற்கும்.

நெருக்கத்தில் முதலில் வரும் தொல்லை பூஞ்சை நோய். வெள்ளரி இலையில் மாவு தூவியது போல வெள்ளைப் படலம் தெரிந்தால் அது சாம்பல் நோய். அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். தக்காளியில் முதல் கொத்து காய் பிடித்ததும் அதற்குக் கீழுள்ள இலைகளை எடுத்துவிட்டால் அடியில் காற்று புகும். இரண்டு செடிகளின் இலைகள் ஒன்றையொன்று தொடலாம். ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கக் கூடாது. அந்த எல்லையைத் தாண்டினால் தயக்கமில்லாமல் ஒரு செடியை எடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றும் நம் கையால் முளைத்தது என்பதால் மனம் வராது, தெரியும். இருந்தாலும் எடுங்கள்.

எதை நடாமல் விடுவது என்பதும் இடச் சேமிப்புதான். உருளைக்கிழங்கும் சேமித்து வைக்கும் பெரிய வெங்காயமும் பாத்தியை மூன்று நான்கு மாதம் பிடித்துக்கொள்ளும். காலிஃபிளவர் அரை மீட்டர் இடம் எடுத்து, ஒரு பூ கொடுத்துவிட்டு முடியும். கீரை, மிளகாய், கொடித்தக்காளி, வெள்ளரி, பீன்ஸ் போலப் பறிக்கப் பறிக்கத் தருபவைதான் சிறு இடத்துக்கு ஏற்றவை.

பருவம் முடிந்ததும் பீன்ஸ் செடியைப் பிடுங்காமல் மண் மட்டத்தில் வெட்டுங்கள். வேரும் அதன் முடிச்சுகளும் உள்ளேயே மட்கட்டும். அடுத்து வரும் பயிருக்கு அதில் ஒரு பங்கு சேரும். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் அடுத்த பருவத்தில் அந்தக் கட்டங்களில் மூன்றில் எதையும் வைக்காதீர்கள். பீன்ஸோ கீரையோ போகட்டும். எந்தக் கட்டத்தில் எது இருந்தது என்பது மூன்று மாதத்தில் மறந்துவிடும். ஆகவே பாத்தியின் படத்தை ஒரு நோட்டில் வரைந்து, 16 கட்டத்திலும் பயிரின் பெயரையும் நட்ட நாளையும் எழுதி வையுங்கள். வெள்ளரிக் கொடியைப் பந்தலிலிருந்து அறுத்து இறக்கும் நாளில், அந்த இடத்துக்குப் போகவேண்டிய நாற்றுக்குத் தட்டில் நான்கு இலை வந்திருக்க வேண்டும்.